ஆடி முதல் தை வரை அவள் பேசினாள்

என் மனைவிக்கு முதலில் தொலைந்தது ‘சாவி’ என்ற சொல்.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த சித்திரை அது. காலை நேரம், பட்டாசு கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தூக்குவாளியுடன் வாசலில் நின்று, “கதவப் பூட்டணும்ங்க, அந்தச் சீப்ப எடுங்க” என்றாள். நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இல்லங்க. சீப்பு, சீப்பு!” என்று பூட்டைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேன்காரர் மறுபடி ஹாரன் அடிக்க, அவள் ஓடினாள்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. எங்களைப் பெற்றவர்கள் காலத்தில் பிறர் காட்டில் களையெடுத்த குடும்பங்கள்தான் இரண்டும். எங்கள் காலத்தில் ஊரே கம்பெனி வேனில் ஏறிவிட்டது. நான் கொஞ்சம் படித்திருந்ததால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் தாள்களைப் பிழை பார்க்கும் வேலை கிடைத்தது. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசு வேலைதான். சங்குசக்கரம் சுற்றுவதில் அவள் கை ஓடுகிற வேகத்துக்கு அவள் வேலை பார்த்த அறையில் யாரும் ஈடு கிடையாது என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். எங்களுக்கு ஒரே மகள். அப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் ‘கரண்டு வைப்பது’ என்றுதான் பெயர். கொட்டின முடி சுருள் சுருளாக மறுபடி முளைத்தது. அவள் திரும்பவும் வேனில் ஏறினாள். அந்த நோயை நாங்கள் தாண்டி வந்துவிட்டதாகவே நினைத்திருந்தோம். அதனால் சீப்பையும் சாவியையும் அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெயில், அசதி, வயசு என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டோம். வைகாசியில் அவள் சோற்றை ‘மண்ணு’ என்றாள். மகளிடம் தொலைபேசியில் பேசும்போது நடுவில் நின்று போய், ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் வேனில் வராமல் மத்தியானமே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது விளக்குப் போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்ன புள்ள, மேலுக்கு முடியலையா?”

பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. ஒரு வார்த்தை, கொஞ்சம் நிறுத்தம், இன்னொரு வார்த்தை. அன்று அந்த அறைக்கு வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண், வெடிமருந்து அடைத்த சரக்குப் பெட்டியைத் தூக்காமல் தரையோடு தேய்த்து இழுத்திருக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. என் மனைவி அதைப் பார்த்தாள். இழுக்காதே, தூக்கு என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. மறுபடி கத்தினாள், மறுபடியும் அதே உளறல். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னும் இழுத்தாள். என் மனைவி எழுந்து ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பயந்துபோய், அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அழுதிருக்கிறாள்.

“கத்தணும்னு நெனச்சேங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. வரல” என்றாள். “அம்புட்டுப் பேரும் செத்திருப்பாக.”

அப்புறம் அவள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மார்புக் கட்டிக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர்தான் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இடது பக்கம் நெல்லிக்காயைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பழைய நோயின் விதை ரத்தத்தில் போய் அங்கே முளைத்திருக்கிறது என்றார். அந்த இடம் பேச்சு இருக்கிற இடம், மண்டையைத் திறந்து எடுக்கப் போனால் இருக்கிற பேச்சும் போய்விடலாம் என்றார். ஒரு கட்டிதான் இருக்கிறது, அதுவும் சிறியது, இந்த மாதிரிக் கட்டிக்குச் சென்னையில் கதிரைக் குவித்துச் சிகிச்சை செய்கிறார்கள், உடனே போங்கள் என்றார். வீக்கம் குறைய ஒரு மாத்திரையும் எழுதினார்.

அவளுடைய அக்கா, எனக்கு மதினி, அடுத்த தெருவில் இருந்தாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“நெஞ்சுல வச்ச கரண்டே அவளப் பாடாப் படுத்திருச்சு. தோலெல்லாம் கருகிப்போய்க் கெடந்தாளே. இப்பத் தலைக்குள்ள வைக்கணுமா? பெறகு அவளுக்கு நம்மளத் தெரியுமா, இல்ல சும்மா உக்காந்திருப்பாளா?”

எனக்கும் அதே பயம்தான். எங்கள் ஊரில் தீக்காயம் பார்க்காத வீடு கிடையாது. கருகின தோல் எப்படியிருக்கும், அந்த வாடை எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மதினிக்கு என் மனைவிதான் பதில் சொன்னாள். “போலாம்.” அன்று முழுக்க அவள் தெளிவாகச் சொன்ன ஒரே சொல் அது.

ஆடி மாதம், அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிற நேரம். அச்சகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் லீவு கொடுத்தார். விருதுநகரில் ரயில் ஏறினோம். மகள் மதுரையில் வந்து சேர்ந்துகொண்டாள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. திருச்சி தாண்டுவதற்குள் என் மனைவி, “பசிக்குதுங்க, எதாச்சும் வாங்குங்க” என்று ஒரு முழு வாக்கியம் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சென்னை டாக்டர் சின்ன வயதுக்காரர். எங்களை உட்காரவைத்து, அவளைப் பார்த்தே பேசினார். அதுவரைக்கும் எல்லா டாக்டரும் என்னைப் பார்த்துத்தான் பேசியிருந்தார்கள்.

“நெஞ்சுல வச்சப்போ தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஒரு பெரிய இடத்துக்கு வச்சாங்க. இது வேற மாதிரி. நிறைய மெல்லிசான கதிர்களை ஒவ்வொரு பக்கத்துலேர்ந்தும் அனுப்புவோம். ஒரு கதிர் தனியாப் போனா அது போற வழியில பெருசா ஒண்ணும் பண்ணாது. எல்லாம் ஒரே இடத்துல வந்து சேரும்போதுதான் அதுக்குப் பலம். அந்த இடம் உங்க கட்டிக்குள்ள இருக்கும். ஒரே நாள்தான். கத்தி கிடையாது.”

அவள் கேட்டாள். “தீயா, டாக்டர்?”

“இல்லம்மா. சூடே தெரியாது. கட்டியும் உடனே மறையாது. அது வளர முடியாம, மெள்ள மெள்ளச் சுருங்கும்.”

அவள் காதுக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். “பக்கத்துல... பேச்சு இருக்குன்னாக. அதும் போயிருமா?”

“அது மேல படாம இருக்கத்தான் இவ்வளவு கணக்கும் போடறோம். ஆனா வீக்கம் வரலாம். வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் பொய் சொல்லாததுதான் அவளுக்குப் பிடித்திருந்தது என்று அப்புறம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் தலையில் ஒரு உலோகச் சட்டத்தை மாட்டினார்கள். தலை ஒரு நூல்கூட அசையக்கூடாதாம். அளவு எல்லாம் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். நெற்றியில் இரண்டு இடம், பின்மண்டையில் இரண்டு இடம் மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகுகளை எலும்பைத் தொடுகிற வரை முறுக்கினார்கள். மகள் வெளியே போய்விட்டாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசி குத்தியபோது விரல்கள் மடங்கின, அப்புறம் தளர்ந்தன. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் புருவத்தில் இறங்கியது. நர்ஸ் துடைத்துவிட்டார்.

சட்டத்தோடு உட்காரவைத்ததும் கண்ணாடி கேட்டாள். மகளின் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியில் தன்னை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

“சப்பரம் கெணக்கா இருக்கேன்ல” என்றாள்.

ஊர்ப் பொங்கலுக்கு அம்மனைத் தூக்கி வருகிற சப்பரம். அந்தச் சொல்லை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டர்கள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து கதிர்களின் பாதையை வகுக்க, நாங்கள் காத்திருந்தோம். சட்டத்தின் முன்பட்டை வாய்க்கு நேரே இருந்ததால் அவளால் எதையும் கடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் போட்டு மோர் கொடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். பெரிய அறை, அதற்குக் கனமான கதவு. அவளைப் படுக்கவைத்துச் சட்டத்தை மேசையோடு பூட்டினார்கள். எல்லோரும் வெளியே வர வேண்டும் என்றார்கள். கதவு மூடியது. வெளியே ஒரு சின்ன டி.வி.யில் அவளைப் பார்த்தேன். இயந்திரத்தின் பெரிய தலை அவளைச் சுற்றி மெதுவாக ஒரு வளைவு போய் நின்றது. ஆட்கள் உள்ளே போய் மேசையைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வெளியே வந்தார்கள். மறுபடி இன்னொரு வளைவு. அவள் கை இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

வெளியே வந்து சட்டத்தைக் கழற்றியதும், “வலிச்சதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் தெரியலைங்க. விசிறி சுத்துற சத்தந்தான்.”

“என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தியே.”

“ஒரு பேரு. அது எரிஞ்சு போயிரக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

யார் பெயர் என்று கேட்டேன். “பெறகு சொல்றேன்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தோம். நெற்றியில் இரண்டு சின்னப் புள்ளிகள் தவிர அவளிடம் சிகிச்சையின் அடையாளமே இல்லை. மதினி அவள் தலைமுடியை விலக்கி விலக்கித் தீக்காயம் தேடினாள். “எங்கனயும் ஒண்ணும் இல்லையே!” என்று நம்ப முடியாமல் சொன்னாள். ஆவணியில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. புரட்டாசியில் என் மனைவி என்னைப் பழையபடி திட்டத் தொடங்கினாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, ரேஷன் கடைக்குப் போக மறந்ததற்கு. திட்டு வாங்கிக்கொண்டே சைக்கிளை எடுத்து வேலைக்குப் போவேன். அந்த நாட்களைப் போல நிம்மதியாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

சென்னையில் மறுபடி எடுத்த படத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். ஆனால் வழியனுப்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி, “இந்த இடத்தை நாம பாத்துட்டோம். இது வேற எங்கயும் முளைக்காம இருக்கணும். அது நம்ம கையில இல்லை” என்றார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு நல்ல மழை. தீபாவளி முடிந்து ஒரு பிற்பகல், கரண்டு போயிருந்தது. அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகைத் தட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் பேசினாள்.

“மெஷினுக்குள்ள ஒரு பேரச் சொன்னேன்னு சொன்னேன்ல.”

“ஆமா.”

“நம்ம மூத்த புள்ள பேரு அது.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, பிறந்தபோதே உயிரில்லாமல் இருந்தது. அவள் தாய்வீட்டில் இருந்தாள், நான் அச்சகத்தில். தகவல் வந்து நான் போய்ச் சேருவதற்குள் பெரியவர்கள் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே, அவள் மறக்கட்டும் என்றார்கள். அவளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“துணியில சுத்துறதுக்கு முன்ன நான் பாத்துட்டேங்க. தல நெறைய முடி. மூக்கு அப்படியே ஒங்க மூக்கு. எங்க ஆத்தா தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஒரு பேரு வச்சிட்டேன். யார்ட்டயும் சொல்லல.”

பெயரைச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“ஒங்களுக்கும் தெரியணும்லங்க. எனக்கு வாய் போச்சுன்னா அப்பறம் அதுக்குப் பேரே இல்லாமப் போயிரும்” என்றாள். பிறகு, “ஒருதடவ சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன்.

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

பொங்கல் கழித்துத் தலைவலி வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி. நடக்கும்போது வலது கால் பின்னால் இழுத்தது. மறுபடி ரயில், மறுபடி ஸ்கேன். சென்னை டாக்டர் முதலில் பழைய இடத்தைக் காட்டினார். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்புதான் இருந்தது. பிறகு அவர் விரல் மற்ற இடங்களுக்குப் போனது. ஒவ்வொரு படத்திலும் புதிது புதிதாகப் புள்ளிகள்.

“அதே மாதிரி வைக்க முடியாதா, டாக்டர்? ஒவ்வொண்ணுக்கும்?”

“ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா வச்சிருப்பேன். இது எல்லா இடத்துலயும் தூவுன மாதிரி இருக்கு. நான் குறி வைக்க ஒரு இடம் வேணுமே.”

அவள் வெளியே பெஞ்சில் மகள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் தலை முழுவதற்கும் கரண்டு வைத்தார்கள். முடி மறுபடி கொட்டியது. பெரும்பாலும் தூங்கினாள். மகள் தேர்வுக்குப் போகாமல் வந்துவிட்டாள். மதினி வந்து எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஒரு குறை சொல்லாமல் செய்தாள். சொற்கள் போன வருடம் போல ஒவ்வொன்றாகப் போகவில்லை. ஒரு வாரத்தில் மொத்தமாகப் போய்விட்டன. ஆனால் நாங்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தது. மகள் பேசும்போது அவள் கண் மகளை விட்டு அகலாது.

ஒரு பிற்பகலில் என்னிடம் ஏதோ சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் மட்டும் வந்தது. தண்ணீரா என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். வெளியே போக வேண்டுமா, விசிறி போடவா, மகளைக் கூப்பிடவா, அக்காவா, வலிக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. நம் மூத்த பிள்ளையா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. வீட்டில் உள்ள பொருள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். மகளும் மதினியும் வந்து அவர்களுக்குத் தோன்றியதை எல்லாம் கேட்டார்கள். அவள் கோபத்தில் அழுதாள், கட்டில் சட்டத்தில் கையால் அடித்தாள். வெகுநேரம் கழித்து ஓய்ந்துபோனாள். என் கையை எடுத்து, பரவாயில்லை என்பது போல இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. எத்தனையோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, நான் அடுப்படியில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மதினி உள்ளேயிருந்து, “வாங்க, சீக்கிரம் இங்கன வாங்க” என்றாள். நான் போனபோது மகள் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். மூச்சு ஒருமுறை வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

தகவல் தெரிந்து கம்பெனி வேன் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. அவளோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். பெட்டியை இழுத்த அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, “அக்கா, என்னைய மன்னிச்சிரு” என்று சொல்லி அழுத அழுகையைத்தான் யாராலும் தேற்ற முடியவில்லை.

மகள் விட்ட தேர்வை அடுத்த முறை எழுதினாள். நான் அச்சகத்துக்குத் திரும்பிப் போனேன்.

அடுத்த வருடமோ அதற்கு மறுவருடமோ, விருதுநகரில் மிளகாய் மண்டியில் வேலை பார்க்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தம்பிக்குத் தலையில் கட்டி, சென்னையில் அந்தச் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் அதைச் செய்ததைக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். தம்பியும் வந்திருந்தான், சின்ன வயது, வெளியே வேப்பமர நிழலில் நின்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் மாட்டுவது, ஊசி குத்தும்போது மட்டும் வலிப்பது, குழலில் மோர் குடிப்பது, டி.வி.யில் பார்ப்பது. மனுஷன் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“ஒங்க வீட்டம்மா இப்ப நல்லா இருக்காகளா?” என்றார்.

“இல்லைங்க. தவறிட்டா.”

அவர் முகம் செத்துப்போனது.

“அந்தக் கட்டியால இல்லைங்க. அது சுருங்கிருச்சு, திரும்ப வரல. வேற எடத்துல வந்துருச்சு. ஒங்க தம்பிக்கு அப்படி வரணும்னு இல்ல.”

“அப்ப, கூட்டிட்டுப் போகலாங்கிறீக?”

“போங்க” என்றேன். “அதுக்கப்பறம் அவ என்கிட்ட ஆறு மாசம் பேசினா.”

அவர் எழுந்து வெளியே போய்த் தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார். சாத்தூர் பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ரோட்டோரமாக நின்றிருந்ததைப் பார்த்தேன்.